ஊமைப் படத்து நாயகி பம்பாயில் பேசிய கதை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்காக ஒரு வினாவிடைப் போட்டி நடைபெற்றது. "தமிழின் முதல் பேசும் படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது?" என்பது அதில் ஒரு கேள்வி. செம்பூரிலிருந்து வந்திருந்த சிறுமி ஒருத்தி "சென்னை" என்றாள். தாராவிப் பையன் ஒருவன் "கோடம்பாக்கம்" என்று அவளைத் திருத்தினான். மூன்றாமவன் கோயம்புத்தூர் என்றான். அவனுக்குச் சினிமா வரலாறு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். "நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே ஊரில்தான்" என்று நடுவர் கூறியதும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்வதானால், இக்கட்டுரையை எழுதும் நமக்கும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அது தெரியாதுதான்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' என்னும் படம், நம் பம்பாயிலேயே உருவானது. அதில் தமிழ் பேசியவர் டி. பி. ராஜலட்சுமி என்னும் இருபது வயதுகூட நிறையாத பெண். அதற்கு முன் அவர் திரையில் தோன்றியதெல்லாம் ஊமைப் படங்களில். வாயசைப்பார், குரல் கேளாது. அந்த வாய்க்கு முதன்முதலாகக் குரல் கிடைத்த இடம் இந்த ஊர் என்பதை அறிந்தபின், அவ்வம்மையாரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

அவர் 1911ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரி, தாயார் மீனாட்சி. ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும் சேர்ந்துதான் அந்த 'டி. பி.' ஆயிற்று. சங்கீதம் காற்றில் மிதக்கும் ஊர் திருவையாறு. ஒருமுறை கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடிவிடும் ஆற்றல் குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு இருந்ததாம். ஆயினும் அக்கால வழக்கப்படி ஏழெட்டு வயதிலேயே அவருக்கு மணம் முடித்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினான்கு வயது நிறையாமல் மணம் செய்யலாகாது என்ற சாரதா சட்டம் வந்தது 1929இல்தான். பாண்டி விளையாடும் வயதில் நடந்த அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. சிறுமி பிறந்தகம் திரும்பினாள். சிறிது காலத்துக்குள் தந்தையாரும் மறைந்தார். தாயும் மகளும் வாழ வழி தேடித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார்கள்.

கணவன் வீட்டினின்று திரும்பிய சாஸ்திரியார் வீட்டுப் பெண்ணுக்கு அந்நாளில் திறந்திருந்த கதவுகள் எத்தனை? அடுப்படி ஒன்று, உறவினர் வீட்டுத் திண்ணை ஒன்று. மூன்றாவது கதவு ஒன்று உண்டு. அதில் நுழைந்தவளை ஊரார் மீண்டும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். அதுவே நாடகக் கொட்டகை. அந்தக் கதவைத்தான் அவர்கள் தட்டினார்கள். சாமண்ணா ஐயரின் நாடகக் கம்பெனியில், நாடக உலகின் தலைமை ஆசிரியராக விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவுடன், பதினொரு வயதளவில் அச்சிறுமி சேர்ந்ததாக அவர் வரலாறு கூறுகிறது. ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த குடும்பங்கள்தானே நாமும்! புறப்பட்ட அன்று ஊர் சொன்ன சொல் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஒரு மூலையில் இன்னும் நினைவிருக்கிறது.

அக்காலத்து நாடக மேடையைப் பற்றி இங்கே சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ராஜலட்சுமியாரின் பின்னாளைய புகழுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பல கம்பெனிகளில் பெண் வேடத்தைச் சிறுவர்களே கட்டினார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்பதோ வேறு வகை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியும்வரை பாட்டும் தர்க்கமும் நடக்கும். எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்தக் கணத்திலே விடை சொல்ல வேண்டும். விடை வராவிட்டால் தரை டிக்கெட்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாட்கள் அவை. கொட்டகையின் கடைசி வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் மூதாட்டியின் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழுந்தாக வேண்டும். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' முதலிய நாடகங்கள் ராஜலட்சுமியாருக்குப் பேர் தேடித் தந்தன. விடுதலை இயக்கத்தின் பாடல்களையும் அவர் மேடையில் பாடினார். கதைக்கும் காந்திக்கும் தொடர்பில்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மக்கள் அவர்களை விட்டிருக்கவும் மாட்டார்கள்.

இனி ஊமைப் படத்துக்கு வருவோம். லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் ஹோட்டலில் காட்டப்பட்டன. நம் நாட்டில் சினிமா முதலில் கால் வைத்த இடமும் இந்த ஊர்தான். 1913இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. இறுதியில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்த சாலுங்கே என்ற இளைஞரே சேலை கட்டிக்கொண்டார். அதே மனிதர் 1917இல் 'லங்கா தகன'த்தில் இராமராகவும் சீதையாகவும் தாமே தோன்றினார். தம்மைத் தாமே பிரிந்து, தமக்காகத் தாமே ஏங்கிய அந்த நடிகரின் நிலையை எண்ணினால் இன்றும் நகைப்பு வருகிறது. ஆனால் அதே 1913இல் பால்கேயின் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத், கமலாபாய் என்னும் தாயும் மகளும் துணிந்து நடித்தார்கள். துர்காபாயும் கணவரைப் பிரிந்து மகளைத் தனியே வளர்த்தவர்தான். திருச்சியிலோ பம்பாயிலோ, கதவு அடைக்கப்பட்ட பெண்கள்தாம் சினிமாவின் கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

சென்னையில் 1929இல் ஏ. நாராயணன் 'ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன்' என்னும் படக் கம்பெனியைத் தொடங்கினார். அவர் எடுத்த 'கோவலன்' ஊமைப் படத்தில் ராஜலட்சுமியார் நடித்தார். அதன்பின் 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி' ஆகிய படங்கள். பாட்டாலும் பேச்சாலும் பேர் பெற்றவர், பாட்டும் பேச்சும் இல்லாத படத்தில் நடிப்பதென்பது வேடிக்கையான நிலைதான். பதினாயிரம் பேர் கேட்கப் பாடிய வாய், காமிராவின் முன் வெறுமனே அசைந்தது. திரையில் எழுத்து அட்டைகள் வரும். எழுத்தறியாதவர்களுக்காகத் திரையருகே ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் சொல்வார். நாயகியின் சொல்லை மீசை வைத்த ஒருவர் சொல்லக் கேட்டு மக்கள் அழுதார்கள்.

'ராஜேஸ்வரி' படத்தை இயக்கிய ராஜா சாண்டோவைப் பற்றி நம் வாசகர் அறிந்துகொள்வது நன்று. அவர் புதுக்கோட்டைக்காரர், இயற்பெயர் நாகலிங்கம். உடற்பயிற்சியில் வல்லவர். பிழைக்கப் பம்பாய்க்கு வந்து இங்கே ஊமைப் படங்களின் நாயகராகப் பெயர் பெற்று, பின்னர் சென்னைக்குத் திரும்பிப் படங்களை இயக்கினார். பம்பாயின் மாபெரும் நட்சத்திரமான சுலோசனாவுடன் 1926இல் 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்தில் நடித்த தமிழர் அவர். ஆகவே பம்பாய்த் திரையின் நுட்பங்கள் ராஜலட்சுமியாரைத் தேடி முதலில் சென்னைக்கே வந்துவிட்டன எனலாம். பிறகுதான் அவர் பம்பாயைத் தேடி வந்தார்.

சுலோசனா என்ற பெயரைச் சொன்னபின் அவரைப் பற்றி நாலு வார்த்தை கூறாமல் நகர முடியாது. அவருடைய உண்மைப் பெயர் ரூபி மையர்ஸ். 1907இல் புனேயில் பிறந்த யூதப் பெண். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவரைச் சினிமா கண்டெடுத்தது. பம்பாய் கவர்னரைக் காட்டிலும் அதிகச் சம்பளம் வாங்குபவர் என்று அந்நாளில் ஊர் பேசிற்று. 1927இல் வந்த ஒரு படத்தில் எட்டு வேடங்களில் தோன்றினார். அவருக்கு இந்துஸ்தானி சரியாகப் பேச வராது. வராவிட்டால் என்ன? படம்தான் பேசவில்லையே! பெஷாவரிலும் மதுரையிலும் ரங்கூனிலும் அவரை ஒரே அளவில் கொண்டாடினார்கள். ஊமைப் படத்தின் தனிச் சிறப்பு அது. அதற்கு நாவும் இல்லை. எனவே நாடும் இல்லை.

1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் இந்த நிலை மாறிற்று. அன்று பம்பாய் கிர்காமில் மெஜஸ்டிக் கொட்டகையில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. அதுவே இந்தியாவின் முதல் பேசும் படம். இரானி தமது இம்பீரியல் கம்பெனியில் அதை எடுத்தார். சுலோசனாவும் அதே கம்பெனியின் நட்சத்திரமே. ஆயினும் பேசும் படத்தின் நாயகியாக அவரை நிறுத்த முடியவில்லை. அவர் ஓராண்டுக் காலம் ஒதுங்கியிருந்து இந்துஸ்தானி கற்றார். 1932இல் தம் பழைய ஊமைப் படமான 'மாதுரி'யின் பேசும் வடிவத்துடன் மீண்டு வந்தார். 1929இல் 'இந்திரா பி.ஏ.' என்று வந்த அவருடைய ஊமைப் படம், 1934இல் பேசும் படமானபோது 'இந்திரா எம்.ஏ.' ஆயிற்று. பேசக் கற்றதற்குப் பட்டம் உயர்ந்தது போலும்! ஆனால் பழைய ஏற்றம் நெடுநாள் நீடிக்கவில்லை. சிறு வேடங்களில் நடித்து, 1973இல் பால்கே விருது பெற்று, 1983இல் இந்த ஊரிலேயே அவர் காலமானார்.

சுலோசனாவை ஓராண்டு வாய்மூடச் செய்த அதே கம்பெனியிலேதான், அதே ஆண்டில், ராஜலட்சுமியாரின் வாய் திறந்தது.

இம்பீரியல் ஸ்டுடியோ இருந்த இடம் கிராண்ட் ரோட்டுக்கு அருகே, கென்னடி பாலத்தை ஒட்டியது. வினாவிடைப் போட்டிக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் சிலர் மாட்டுங்காவிலிருந்து புறப்பட்டு அங்கே சென்றிருந்தோம். பாலத்தின் மேல் நின்றால் கீழே மேற்கு ரயில்வேயின் தண்டவாளங்கள். நாம் நின்ற கால் மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் போயின என்று எண்ண முயன்று கைவிட்டோம். ஒவ்வொரு வண்டியும் வரும்போது நம் பேச்சு நின்றது; போனபின் தொடர்ந்தது. அப்பொழுதுதான் புத்தகத்தில் படித்த ஒரு செய்தி நமக்கு விளங்கிற்று. 'ஆலம் ஆரா'வின் பெரும் பகுதியை நள்ளிரவுக்குப் பின், ரயில் ஓடாத நேரத்தில் எடுத்தார்களாம். பகலில் எடுத்தால் காதலர் பேச்சில் இரயிலும் கலந்துகொள்ளும். படமும் ஒலியும் ஒரே சுருளில் பதியும் முறை. பிறகு ஒலியைத் திருத்த வழியில்லை. மைக்கை நடிகர்களின் அருகே எங்கேனும் மறைத்து வைப்பார்கள். யாராவது தும்மினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த 'ஆலம் ஆரா'வுக்காகப் போட்ட அரங்குகளிலேயே 'காளிதாஸ்' எடுக்கப்பட்டது. இரானி தயாரிப்பாளர், எச். எம். ரெட்டி இயக்குநர். எட்டே நாட்களில் முடித்துவிட்டார்கள் என்பர். மகாகவி காளிதாசனின் கர்ண பரம்பரைக் கதைதான். செருக்குற்ற இளவரசி வித்யாதரிக்கு வஞ்சகத்தால் ஓர் இடையனை மணம் முடிக்கிறார்கள். காளியின் அருளால் அவன் கவியாகிறான். வித்யாதரியாக ராஜலட்சுமியார் நடித்தார். அவர் தமிழில் பேசினார். நாயகனாக நடித்த பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் விடை சொன்னார். கோயில் பூசாரியாக வந்த எல். வி. பிரசாத் இந்தியில் பேசினார். பின்னாளில் பெரிய இயக்குநராகப் புகழ் பெற்ற அந்தப் பிரசாத், வீட்டைவிட்டுப் பம்பாய்க்கு ஓடிவந்து ஸ்டுடியோக்களில் எடுபிடி வேலை பார்த்த ஆந்திர இளைஞர். இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளின் முதல் பேசும் படங்களிலும் தலை காட்டியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. படத்தில் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகள் இருந்தன. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய இராட்டினப் பாட்டும் இருந்தது. காளிதாசன் காலத்து இளவரசிக்கும் காந்தியடிகளின் இராட்டினத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரில்லை. ஸ்பெஷல் நாடக மேடையின் வழக்கம் அப்படியே பம்பாய் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

நாயகி தமிழ், நாயகன் தெலுங்கு, பூசாரி இந்தி. திரை வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு விந்தையாகக் குறிப்பிட்டு முறுவலிப்பார்கள். நமக்கு அது விந்தையாகத் தோன்றவில்லை. தாராவியின் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், மாட்டுங்காவின் எந்த வீட்டுப் படிக்கட்டில் ஏறினாலும் 'காளிதாஸ்' நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டி தமிழில் கேட்கிறாள். பேரன் இந்தியில் விடை சொல்கிறான். பால்காரர் மராத்தியில் இடைமறிக்கிறார். எல்லோருக்கும் எல்லாம் விளங்குகிறது. ஆனால் ஒரு வேற்றுமையை நாம் மறைக்க விரும்பவில்லை. அந்தப் படத்தில் தமிழுக்கென்று ஒருத்தி உறுதியாக நின்றாள். நம் வீடுகளில் பாட்டிக்குப் பின் அந்த வேடத்தை ஏற்பவர் யார்? தமிழைக் கேட்டால் முழுவதும் புரிந்துகொள்ளும், ஆனால் வாய் திறந்து பேசாத பிள்ளைகளை நாம் பெருகக் காண்கிறோம். தமிழைப் பொறுத்தவரை அவர்கள் ஊமைப் படங்களே. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி பேச ஓராண்டு போதுமாயிருந்தது என்பதை எண்ணிச் சிறிது ஆறுதல் கொள்கிறோம்.

படம் முடிந்ததும் சுருள்கள் பெட்டியில் அடைக்கப்பட்டுச் சென்னைக்கு ரயிலேறின. நம் பாட்டனார் பலரைப் பம்பாய்க்குக் கொண்டுவந்த அதே இருப்புப் பாதை. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். பெட்டியின் மேல் ரோஜா இதழ்களைத் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுவத்தி ஏற்றினார்கள், வால்டாக்ஸ் சாலை வழியே கினிமா சென்ட்ரல் கொட்டகைவரை ஊர்வலமாகச் சென்றார்கள். அந்தக் கொட்டகை பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆயிற்று. ஏறத்தாழ 8,000 ரூபாயில் எடுத்த படம் 75,000 ரூபாய் ஈட்டியதாகக் கூறுவர். வெள்ளித்திரை தம் மொழியில் பேசுகிறது என்பதைக் காணவும் கேட்கவுமே மக்கள் முண்டியடித்தார்கள். படத்தில் குறைகள் மலிந்திருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. சாஸ்திரியார் வீட்டுப் பெண் நாடகக்காரியாகிவிட்டாள் என்று பேசிய அதே உலகம், அவள் குரல் அடங்கிய பெட்டிக்குத் தேங்காய் உடைத்தது.

அதற்குப்பின் ராஜலட்சுமியாருக்கு ஓய்வில்லை. தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு வசதிகள் வேரூன்றாத அந்நாளில், தமிழ் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மூட்டை முடிச்சுடன் சென்று மாதக்கணக்கில் தங்கிப் படமெடுத்துத் திரும்பினார்கள். அவர்களும் ஒருவகையில் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே. சமையற்காரரையும் கூடவே அழைத்து வந்தார்கள் என்பதுதான் வேற்றுமை. கல்கத்தாவில் எடுக்கப்பட்டு 1933இல் வெளியான 'வள்ளி திருமணம்' பெருவெற்றி பெற்றது. மேடையில் எத்தனையோ இரவுகள் ஏற்ற வள்ளி வேடம் அது. அப்படத்தில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை ராஜலட்சுமியார் மணந்துகொண்டார். ஏழெட்டு வயதில் பிறர் முடித்த மணம் கலைந்தபின், அவர் தாமே தேர்ந்துகொண்ட வாழ்வு இது. 'சினிமா ராணி' என்னும் பட்டப் பெயரும் அவருடன் ஒட்டிக்கொண்டது.

வேறொருவராயிருந்தால் அத்துடன் நின்றிருப்பார். ராஜலட்சுமியார் பேனாவும் பிடித்தார். தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலைத் தாமே திரைக்கதையாக்கி, தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்து 1936இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் வெளியிட்டார். விருப்பத்துக்கு மாறாக மணம் செய்விக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை; அதை எழுத அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தென்னிந்தியத் திரையின் முதல் பெண் இயக்குநர் அவரே. இந்தியாவில் அவருக்கு முன் அத்துறையில் இறங்கியவர் 1926இல் பம்பாயில் படம் இயக்கிய பாத்மா பேகம். 1939இல் 'மதுரை வீரன்' படத்தையும் ராஜலட்சுமியார் இயக்கினார். நாட்டுப் பற்றை முன்வைத்து அவர் எடுத்த 'இந்தியத் தாய்' வெள்ளையர் ஆட்சியின் தணிக்கையில் சிக்கித் தவித்தது. அந்தப் படத்தால் அவருக்குப் பொருள் இழப்பும் நேர்ந்தது. 1940களில் புதிய முகங்கள் வந்தன. அவரைத் தேடி வருவோர் குறைந்தனர். 1961ஆம் ஆண்டையொட்டிக் கலைமாமணி விருது கிடைத்தது. 1964இல் மறைந்தார்.

அவர் வாழ்வைப் படிக்கும்போது பிரான்ஸ் நாட்டு ஊமைப் பட நடிகையான முசிதோராவின் நினைவு நமக்கு வந்தது. 1889இல் பாரிஸில் பிறந்த அவரும் மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். 1915இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்த 'லே வாம்பீர்' தொடர் படத்தில் கறுப்பு உடை அணிந்த கொள்ளைக்காரியாக நடித்து நாடெங்கும் பேர் பெற்றார். அவரும் நடிப்போடு நில்லாமல் 1920களில் படங்களை இயக்கினார், நாவலும் எழுதினார். பேசும் படம் வருமுன்பே திரையைவிட்டு அவர் ஒதுங்கினார். முதுமையில் பாரிஸிலுள்ள திரைப்படக் காப்பகத்தில் பணியாற்றி 1957இல் காலமானார். அக்காப்பகம் தொடங்கப்பட்டது 1936இல். 'மிஸ் கமலா' வெளிவந்த அதே ஆண்டு. முசிதோராவின் ஊமைப் படத்தை இன்றும் நாம் பார்க்கலாம். நூறாண்டுக்கு முந்தைய அவர் கண்ணசைவு அப்படியே இருக்கிறது.

ராஜலட்சுமியாரின் நிலை என்ன? 'கோவலன்' இல்லை, 'உஷா சுந்தரி' இல்லை, 'ராஜேஸ்வரி' இல்லை. தென்னாட்டு ஊமைப் படங்களில் பெரும்பாலும் முழுமையாக எஞ்சியிருப்பதாக அறியப்படுவது, 'வள்ளி திருமண'த்தை இயக்கிய அதே பி. வி. ராவ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 'காளிதாஸ்' படத்தின் ஒரு சுருளும் கிடைக்கவில்லை. அதன் பாட்டு எதுவும் இசைத்தட்டில் எஞ்சியதாகவும் தெரியவில்லை. 'ஆலம் ஆரா'வின் கதியும் அதுவே. அந்தக் காலத்துப் படச் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. நம் நாட்டு வெப்பத்தில் தானே கெட்டுப் போவது. அதில் ஒட்டியிருந்த வெள்ளிக்காகவே பழைய சுருள்களைக் கரைத்து விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தை அரசு தொடங்கியது 1964 பிப்ரவரியில். ராஜலட்சுமியார் மறைந்த ஆண்டு அது. தேங்காய் உடைத்து வரவேற்ற பெட்டியைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் தேட நமக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

கென்னடி பாலத்தின் மேல் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, இங்கேதான் முதல் தமிழ்ப் பேச்சுப் படம் பிறந்தது என்று சொல்லும் பலகை ஏதும் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. அருகே தேநீர்க் கடைக்காரரிடம் வினவினோம். அவருக்கும் தெரியவில்லை, ஆனால் நாம் சொல்லக் கேட்டு வியந்து, இரண்டாவது தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

முன்னாளில் படம் பார்க்கப் போனவர்கள் கொட்டகை வாயிலில் பாட்டுப் புத்தகம் வாங்கி வருவது வழக்கம். அவற்றை யாரும் எளிதில் எறிந்துவிடுவதில்லை. ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டியின் அடியிலோ, பரணில் பஞ்சாங்கக் கட்டுக்கு நடுவிலோ அவை கிடக்கக்கூடும். 1930களைச் சேர்ந்த பாட்டுப் புத்தகம், துண்டு விளம்பரம், நடிகர் படம், இசைத்தட்டு எதுவாயினும் அன்பர்கள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினால், படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அட்டையில் 'டி. பி. ராஜலட்சுமி' என்ற பெயர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் உடனே சொல்லி அனுப்புமாறு வேண்டிக்கொள்கிறோம். நாமே வீடு தேடி வருகிறோம்.